கருவியும் ஆசிரியரும்: புதுக்கருவிப் பயிற்சியின் வரலாற்றிற் சில பகுதிகள்

ஆசிரியர் கையிற் புதியதொரு கருவியைக் கொடுத்து, அதனைக்கொண்டு கற்பிக்குமாறு அவரைப் பயிற்றும் முயற்சி கணனியோடு தோன்றியதன்று. மணற்பரப்பு, சிலேற்றுப்பலகை, கரும்பலகை, சலனப்படம், வானொலி, தொலைக்காட்சி என ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பறையுட் புகுந்த பொருள்கள் யாவும் இம்முயற்சியை வேண்டி நின்றன. சிலவற்றிற் பயிற்சி வேரூன்றிற்று. பலவற்றில் அது சான்றிதழோடு முடிந்துபோயிற்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என வினவின், ஆசிரியர் பழமையை விடார், புதுமையை நாடார் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. அவ்விடை கூறுவதற்கு எளிது. வரலாற்றுச் சான்றுகளோடு ஒத்துச் செல்வதன்று. பயிற்சியானது ஆசிரியர் மறுநாள் நடத்தவிருக்கும் பாடத்தைத் தொட்டதா, தொட்டபின் அவருடைய வகுப்பறை வரை உடன் வந்ததா என்பதே விளைவைத் தீர்மானித்தது என்பது எமது துணிபு. அதனைச் சில நிகழ்ச்சிகள் வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது நிகழ்ச்சி தமிழரோடு நெருங்கிய தொடர்புடையது. ஸ்கொத்லாந்து தேசத்தவரான அந்திரூ பெல் என்னும் குருவானவர் 1787 இற் சென்னைக்கு வந்தார். 1789 இல் எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர்க்கென ஓர் இல்லம் நிறுவப்பட்டபோது அதன் மேற்பார்வையாளர் பதவியை ஏற்றார். அங்கிருந்த உபாத்தியாயர்களின் கற்பித்தல் முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒருநாட் காலையிற் குதிரைமேற் செல்லுங்கால், மலபார்ப் பாடசாலை ஒன்றிற் சிறுவர் மணலைப் பரப்பி அதன்மீது விரலால் எழுத்துக்களை எழுதிப் பயிலுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர் என்பதும், இலங்கையின் ஆங்கில ஆவணங்களிலும் அவ்வழக்கு நெடுங்காலம் நிலவியது என்பதும் நினைவு கூரத்தக்கவை. பெல் கண்டது நம் முன்னோர் நன்கறிந்த திண்ணைப்பள்ளி முறையாகும். செலவற்ற கருவி; அழித்தெழுத எளிது; விரலின் அசைவே எழுத்தின் வடிவை மனத்திற் பதிக்கும்.

இல்லத்திற்குத் திரும்பிய பெல், அரிவரி வகுப்பின் உபாத்தியாயருக்கு இம்முறையைக் கைக்கொள்ளுமாறு பணித்தார். உபாத்தியாயரோ இது நடவாத காரியம் எனக் கூறிவிட்டார். பெல் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. போர்வீரர் ஒருவரின் மகனாகிய யோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் அதனைச் செவ்வனே நடத்திக் காட்டினான். பின்னர் ஏனைய வகுப்புக்களும் மாணவரிடமே ஒப்படைக்கப்பட்டன. 1796 இல் இந்தியாவை விட்டுச் சென்ற பெல், அடுத்த ஆண்டில் இவ்வனுபவத்தை நூலாக இலண்டனில் வெளியிட்டார். 1798 இல் யோசப் லங்காஸ்ரர் இலண்டனில் இதனையொத்த பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சட்டாம்பிள்ளை முறை எனத் தமிழில் நாம் கூறத்தக்க இம்முறை, சில பத்தாண்டுகளிற் பல நாடுகளுக்கும் பரவியது.

கல்வி வரலாற்று நூல்கள் இக்கதையைப் பெல்லின் வெற்றியாகவே கூறுவது வழக்கம். உபாத்தியாயரின் பக்கத்தில் நின்று நோக்குவார் அரியர். அவருக்குக் கிடைத்தது ஒரு கட்டளை மாத்திரமே. மணலில் எழுதுவித்தலை அவருக்கு எவரும் செய்து காட்டியதாகத் தெரியவில்லை. திண்ணைப்பள்ளியின் சட்டாம்பிள்ளையோ, தான் மணலில் எழுதிப் பயின்றவன். பல ஆண்டுகள் ஆசிரியரின் பக்கத்தில் அமர்ந்து, இளையோரின் விரலைப் பிடித்து எழுதுவித்துப் பழகியவன். அம்முறையின் உயிர் மணலில் இருக்கவில்லை, இப்பழக்கத்தில் இருந்தது. பெல் மணலைக் கண்டார். பழக்கத்தைத் தம் உபாத்தியாயர்க்கு அளிக்கும் வழியைக் காணாது, அவரைத் தாண்டிச் சென்றார். ஆசிரியரைப் பயிற்றுவதிலும் அவரைத் தாண்டிச் செல்லுதல் எளிது என்னும் எண்ணம் அன்று எழும்பூரிற் பிறந்தது என்று கூறின் மிகையாகலாம். ஆயினும் பின்வந்த இரு நூற்றாண்டுகளில் அவ்வெண்ணம் பன்முறை தலைகாட்டியது.

பெல்லுக்கு நீதி செய்யும் பொருட்டு மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். அவரது முறை இங்கிலாந்திற் பரவியபோது, அதனை அறிய விரும்பிய ஆசிரியர்கள் நூலைப் படித்து ஊர் திரும்பவில்லை. 1812 இல் இலண்டனில் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைக்கு வந்து, நடைபெறும் வகுப்புக்களிலேயே நின்று பழகினர். எழும்பூர் உபாத்தியாயருக்கு மறுக்கப்பட்டது இவர்களுக்கு வாய்த்தது.

அடுத்து வந்த கரும்பலகையின் கதை அமைதியானது. அதனாலேயே பலராலும் கவனிக்கப்படாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் உவெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் கணிதம் கற்பிக்கப் பயன்பட்ட இப்பலகை, மெல்ல மெல்லச் சிறுவர் பாடசாலைகளுக்கும் வந்தது. 1841 இற் பொஸ்ரன் நகரிற் பம்ஸ்ரெட் என்பார் ஆரம்ப பாடசாலையிற் கரும்பலகையைப் பயன்படுத்தும் வகையை விளக்கி ஆசிரியர்க்கெனக் கைந்நூல் ஒன்று வெளியிட்டார். இன்று நாம் வியக்கத்தக்க செய்தி இது. சுவரில் மாட்டிய ஒரு கரும்பலகைக்குப் பயிற்சி நூலா? ஆம், வேண்டியிருந்தது. தனித்தனி மாணவரை அழைத்துப் பாடங் கேட்ட பழைய ஆசிரியருக்கு, ஒரே வேளையில் வகுப்பு முழுவதையும் ஒரு பலகையை நோக்கச் செய்தல் புதியதொரு வித்தை. எழுத்து, எண், வரைபு ஆகிய பாடங்களைப் பலகையில் நடத்துவது எப்படி என்பதே இத்தகைய நூல்களின் பொருளாயிற்று. கரும்பலகை ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் நாள்தோறும் இருந்தது, எவரிடமும் திறப்புக் கேட்க வேண்டியதில்லை, பழுதுபார்ப்பாரை வரவழைக்கவேண்டியதுமில்லை. எனவே பயிற்சி சிறிதாயினும் பழக்கம் பெரிதாயிற்று.

சலனப்படம் இதற்கு நேர்மாறானது. 1913 இல் தோமஸ் எடிசன், பாடசாலைகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும் என்றும், பத்து ஆண்டுகளுட் கல்விமுறை முற்றாக மாறிவிடும் என்றும் கூறினார். பத்தாண்டுகள் சென்றன, நூல்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் வகுப்பறைக்குள் வந்த படம், வானொலி, தொலைக்காட்சி என்பவற்றின் வரலாற்றை லாரி கியூபன் 1986 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். ஆசிரியர் படங்களைப் பயன்படுத்தாமைக்கு அவர் எடுத்துக்காட்டும் காரணங்களைக் கருதுக: இயக்குந் திறனின்மை ஒன்று, கருவிக்கும் படத்திற்கும் பராமரிப்பிற்கும் ஆகும் செலவு ஒன்று, வேண்டிய வேளையிற் கருவி கைக்கெட்டாமை ஒன்று, வகுப்பிற்கும் பாடத்திற்கும் ஏற்ற படத்தைத் தேடிப் பொருத்துதல் அரிதாதல் மற்றொன்று. பொறியை இயக்கப் பழக்குவதால் தீர்வது முதலாவது மாத்திரமே. பயிற்சி வகுப்புக்களோ பொதுவாக அம்முதலாவதிலேயே நின்றுவிட்டன.

இந்தியா 1975 இல் மேற்கொண்ட முயற்சி தனித்து நோக்கற்பாலது. அவ்வாண்டு ஓகஸ்ற் 1 ஆந் திகதி தொடங்கி 1976 யூலை 31 வரை, ஐக்கிய அமெரிக்காவின் நாசா நிறுவனம் இரவலாக அளித்த ஏ.ரி.எஸ்.-6 என்னும் செய்மதியின் துணையால், ஆறு மாநிலங்களிலுள்ள ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரடியாக அனுப்பப்பட்டன. ஆந்திரம், கருநாடகம், ஒறிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான் என்பனவே அம்மாநிலங்கள். தமிழ்நாடு இதிற் சேர்க்கப்படவில்லை. இலங்கைக்கும் இதற்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. செய்மதிகளை வானில் ஓரிடத்தில் நிலைநிறுத்தி ஒலிபரப்பை அஞ்சல் செய்யலாம் என்று 1945 இலேயே எழுதியவரும், கொழும்பில் வாழ்ந்தவருமாகிய ஆதர் சி. கிளார்க்கின் இல்லத்தில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் இந்நிகழ்ச்சிகளைப் பெறும் அலைவாங்கி ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். இலங்கை தனக்கெனத் தொலைக்காட்சி நிலையம் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது.

இத்திட்டம் பெரும்பாலும் உழவர்க்கும் சிறுவர்க்கும் காட்டிய நிகழ்ச்சிகளுக்காகவே பேசப்படுகின்றது. எமக்கு வேண்டுவது அதன் மற்றொரு கிளை. ஆரம்ப பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இச்செய்மதி வாயிலாகப் பன்னிரண்டு நாட் பயிற்சி இருமுறை அளிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 24,000 பேராக, மொத்தம் 48,000 ஆசிரியர் இதிற் பங்குபற்றினர். இத்துணைப் பெருந்தொகையினரை ஆசிரிய கலாசாலைகளுக்கு வரவழைத்துப் பயிற்றுவதாயின் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் தொகையினும் வியத்தற்குரியது பயிற்சி அமைந்த விதம். ஆசிரியர் தொலைக்காட்சிப் பெட்டிமுன் வாளா இருக்கவிடப்படவில்லை. நிகழ்ச்சியோடு வானொலி விளக்கமும், செயல்முறைக் கைந்நூலும் இணைந்திருந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் முன்னரே பயிற்றப்பட்ட துணையாசிரியர் ஒருவர் இருந்தார். திரையிற் கண்ட பரிசோதனையை ஆசிரியர் தம் கையாற் செய்து பார்த்து, எழும் ஐயங்களை அவரிடம் வினவினர்.

இங்கே தொலைக்காட்சி கற்கப்பட்ட பொருள் அன்று என்பதை உற்று நோக்குதல் வேண்டும். விஞ்ஞானப் பாடமே கற்கப்பட்டது. தொலைக்காட்சி அதற்கு ஊர்தி. இதனாலேயே இப்பயிற்சி, கருவியின் பொத்தான்களைக் கற்பித்த பயிற்சிகளினும் மேம்பட்டது என்பேம். குறையும் உண்டு. ஓராண்டு நிறைந்ததும் செய்மதி அமெரிக்கப் பக்கத்திற்குத் திரும்பியது. இந்தியா தனக்கென இன்சாற் வரிசைச் செய்மதி ஒன்றைச் செவ்வனே இயக்கத் தொடங்கியது 1983 இலாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த 48,000 பேருட் பெரும்பாலோர்க்கும் வானிலிருந்து வந்த துணை நின்றுபோயிற்று. பன்னிரண்டு நாட் பயிற்சி எத்துணைச் சிறந்ததாயினும், பதின்மூன்றாம் நாள் ஆசிரியர் தனியராயினார்.

அப்பதின்மூன்றாம் நாளைப் பற்றி ஆராய்ந்தோர் அமெரிக்க அறிஞர்களாகிய புரூஸ் யோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்போர். 1980 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆசிரியப் பயிற்சியின் கூறுகளை அவர்கள் பகுத்துக் காட்டினர். கொள்கை விளக்கம், செய்து காட்டல், செய்து பழகல், பழகியதைப் பற்றிய கருத்துரை என்னும் நான்கிற்கும் அப்பால், வகுப்பறையில் உடனிருந்து துணை செய்தல் என்னும் ஐந்தாவது கூறு உண்டு என்றனர். புதிய திறன் பயிற்சி மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு இடம்பெயர வேண்டுமாயின், பெரும்பாலார்க்கு இவ்வைந்தாவது இன்றியமையாதது என்பது அவர்தம் முடிவு. கணனி பாடசாலைகளுக்கு வரத் தொடங்கிய வேளையிலேயே இக்கருத்து அச்சில் இருந்தது. கருவிகளை வாங்கிய அரசாங்கங்கள் அதற்குச் செவிசாய்த்தன என்று சொல்வதற்கில்லை.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். 1981 இல் அந்நாட்டு அரசாங்கம், இடைநிலைப் பாடசாலை ஒவ்வொன்றும் கணனி ஒன்று வாங்குதற்கு விலையிற் பாதியைத் தான் ஏற்பதாக அறிவித்தது. பாடசாலை தன் ஆசிரியர் இருவரைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்புதல் வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை நன்றே, ஆனால் இருவர் பயின்று ஏனையோர்க்குக் கற்பிப்பர் என்னும் எதிர்பார்ப்பு, பெரும்பாலும் கணித ஆசிரியரோடும் அவர் அறையில் இருந்த ஒற்றைக் கணனியோடும் நின்றுவிட்டது. ஆங்கிலமோ சரித்திரமோ கற்பிப்பார் அவ்வறைக்குள் எட்டிப்பார்க்க வேண்டிய தேவை என்ன இருந்தது?

இதனினும் பெரிய முயற்சி 1999 இல் தொடங்கிற்று. அதிட்டலாபச் சீட்டுப் பணத்திலிருந்து 23 கோடி பவுண் ஒதுக்கப்பட்டு, சேவையிலுள்ள ஆசிரியர், பாடசாலை நூலகர் அனைவர்க்கும் தகவற் றொழினுட்பப் பயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டது. திட்டத்தின் குறிக்கோள் எவ்வாற்றானும் குறைகூறத்தக்கதன்று. கருவியை இயக்குவதை விடுத்து, எப்பாடத்தில் எப்போது அதனைப் பயன்படுத்துவது, எப்போது பயன்படுத்தாது விடுவது என்பதை ஆசிரியர் அறிதல் வேண்டும் என அது வகுத்தது. ஏட்டில் இதனினும் சிறந்த குறிக்கோள் காண்டல் அரிது. ஆயினும் 2002 இற் பாடசாலைப் பரிசோதகர் வெளியிட்ட அறிக்கை, மொத்த விளைவு திருப்தியற்றது என்று கூறிற்று.

ஏன் இவ்வாறாயிற்று? அடிப்படைத் திறன்களை ஆசிரியர் முன்னரே பெற்றிருப்பர் எனத் திட்டம் கொண்டது, பலர் பெற்றிருக்கவில்லை. பயிற்சியை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழங்கின. அவற்றுட் பல, பாடப்பொதிகளை இறுவட்டிலும் இணையத்திலும் அனுப்பிவிட்டுத் தொலைவில் நின்றன. எல்லாவற்றினும் முக்கியமானது நேரம். பதிலாசிரியரை அமர்த்தி ஆசிரியரை வகுப்பிலிருந்து விடுவிக்க அந்நிதியைப் பயன்படுத்த இயலாதிருந்தது. நாள் முழுவதும் கற்பித்துக் களைத்தவர், பயிற்சிப் பொதிகளை மாலையிலே தம் சொந்த நேரத்திற் படிக்க வேண்டியவரானார். பயிற்சியை அவர் முடித்தார். ஏனெனில் முடிக்க வேண்டியிருந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அதே நாட்டில் நிகழ்ந்த சிறு பரிசோதனை ஒன்றை இதனோடு ஒப்பிடுதல் பயன்றரும். 1996 இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு மடிக்கணனி ஒவ்வொன்று, மென்பொருள்களுடன் வழங்கப்பட்டது. முறையான பயிற்சி மிகச் சிறிதளவே இருந்தது. வீட்டிற்குக் கொண்டு செல்லலாம், பாடக்குறிப்பு எழுதலாம், பிழைவிட்டால் மாணவர் காணார். ஆண்டு முடிவில் இவ்வாசிரியர்களின் திறனும் துணிவும் பெரிதும் வளர்ந்திருந்தன என ஆய்வாளர் கண்டனர். இதனைக் கொண்டு பயிற்சியே வேண்டா எனச் சிலர் வாதிப்பர். அவர்கள் விருப்பத்துடன் முன்வந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. எனினும், கருவி ஆசிரியரின் சொந்த வேலைக்கு உதவும் பொருளாக முதலில் ஆகுமாயின், வகுப்பறைக்கு அது செல்லும் வழி குறுகியதாகும் என்பதை மறுத்தற்கில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் அப்பிள் நிறுவனம் 1985 இல் தொடங்கிய வகுப்பறை ஆய்வு, காலத்தைப் பற்றிய உண்மையை வெளிப்படுத்திற்று. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பாடசாலையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகக் கணனி கொடுக்கப்பட்டது. இவ்வளவு வசதியிருந்தும், முதலாண்டில் ஆசிரியர் பட்ட தொல்லை பெரிது. கருவி பழுதாதல், மாணவர் ஒழுங்கு குலைதல், பாடத்திட்டம் பின்தங்கல் என்பவற்றோடு போராடினர். பின்னர்ப் பழைய பாடத்தையே புதுக்கருவியாற் கற்பித்தனர். தமக்கெனப் புதிய கற்பித்தல் வகைகளை ஆக்கும் நிலையை அடையப் பல ஆண்டுகள் சென்றன. ஆய்வாளர் இவ்வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்து, 1997 இல் நூலாக வெளியிட்டனர். அவர்தம் அனுபவத்தின் பயனாக 1992 முதற் பயிற்சி நிலையங்கள் சில அமைக்கப்பட்டன. அவற்றிற்கு ஆசிரியர் தனியாக வரவில்லை. ஒரே பாடசாலையிலிருந்து குழுவாக வந்தனர். விரிவுரை மண்டபத்தில் இருத்தப்படாமல், மாணவரோடு நடைபெறும் வகுப்பிலேயே இருந்து கண்டனர். அவர்கள் திரும்பியபின் கூடிப் பேசவும் திட்டமிடவும் நேரம் அளிப்பதாக அதிபரின் உறுதிமொழியும் முன்னரே பெறப்பட்டது. இலண்டன் மத்திய பாடசாலையில் 1812 இற் கைக்கொள்ளப்பட்ட வழி, ஏறத்தாழ 180 ஆண்டுகளின் பின் வேறொரு கண்டத்தில் மீளவும் கண்டுபிடிக்கப்பட்டது போலும்!

ஆசிரியரைத் தாண்டிச் செல்லும் எண்ணமும் அவ்வாறே மீண்டது. சிறுவர் ஒவ்வொருவர்க்கும் மலிவான மடிக்கணனி வழங்கின் அவர்கள் தாமாகவே கற்பர் என்னும் நம்பிக்கையோடு நிக்கலஸ் நெகிரப்பொன்ரி 2005 இல் இயக்கமொன்றை அறிவித்தார். தென்னமெரிக்காவின் பெரு நாடு அதனைப் பேரளவில் ஏற்றது. ஆசிரியர்க்கென 40 மணிநேரப் பயிற்சி வகுக்கப்பட்டது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர் 319 கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012 இல் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர்க்குரிய கணனியின் விகிதம் 0.12 இலிருந்து 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. பொதுச் சிந்தனைத் திறனிற் சிறிது உயர்வு தெரிந்தது. எழும்பூரிற் பிரிஸ்கன் வென்றானே எனின், அவனருகிற் பெல் நின்றார். நாள்தோறும் வந்து பார்க்கும் ஒருவர் இருந்தார்.

இப்பொருளிற் கோட்பாடு பிந்தியே வந்தது. ஒரு பாடத்தை அறிதலும் அதனைக் கற்பிக்க அறிதலும் வெவ்வேறு என்று லீ ஷுல்மன் 1986 இல் எழுதினார். 2006 இற் புன்யா மிஷ்ராவும் மத்தேயு கோலரும் அதனோடு தொழினுட்பத்தையும் சேர்த்து, மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்திலேயே ஆசிரியரின் அறிவு உள்ளது என்றனர். இன்று உலகின் பல ஆசிரிய கலாசாலைகளில் இது பாடமாயுள்ளது. அதனை வரைபடமாக எழுதிப் பரீட்சையில் புள்ளி பெறுவாரும் பலர். கலக்கும் இடம் வகுப்பறையாதலின், விரிவுரை மண்டபத்தில் அதனைக் கற்பித்தல் எங்ஙனம் என்பதே இன்னும் தீராத வினா.

நம் நாட்டில் 2020 மார்ச் மாதம் நோய்ப்பரவல் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் முன்னரே இருந்தது. தகவற் றொழினுட்பப் பயிற்சிகளும் முன்னரே நடந்திருந்தன. ஆயினும் ஆசிரியர் பலர் கையில் எடுத்தது தம் கைத்தொலைபேசியையே. எழுதிய பாடத்தைப் படமெடுத்து, குரலிற் பதிந்து, வகுப்பிற்கெனக் குழுவமைத்து அனுப்பினர். எவ்வாறு செய்வது என்பதை அடுத்த வீட்டு ஆசிரியரிடமும், சில வேளைகளிற் தம் மாணவரிடமும் கேட்டறிந்தனர். இணைய வசதியற்ற பிள்ளைகளை அது எட்டவில்லை என்பது மறைக்கத்தக்கதன்று. ஆனால் அக்கிழமைகளில் நிகழ்ந்த கற்றலுக்கு மண்டபமும் இல்லை, சான்றிதழும் இல்லை. மறுநாள் நடத்தவேண்டிய பாடம் ஒன்று இருந்தது. பாடசாலைகள் திறக்கப்பட்டபின், ஒருவர்க்கொருவர் காட்டிக்கொடுத்த அந்நேரத்தை நேரசூசியில் எப்பாடவேளையிற் சேர்ப்பது என்பதை அதிபர்கள் ஆலோசித்தல் தகும்.